பன்னீர் ரோஜாவைத் தின்ற ஆடு

அலிமாவின் ஆடு தின்றது என்று நான் சொன்னது பொய்.

மேலகரத்தில் சண்முகப்பிரியா டீச்சர் வீட்டுத் தோட்ட வேலைக்கு வாரம் இரண்டு நாள் போவேன். குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டால் லாட்ஜ்காரர்களும் கூப்பிடுவார்கள். அந்த அவசரத்தில்தான் டீச்சரின் பன்னீர் ரோஜாச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டேன். வழக்கமான வேலைதான், வெட்டினால் நாற்பத்தைந்து நாளில் மறுபடி பூக்கும். ஆனால் "ஸ்ரீதேவி சனிக்கிழம வாரா, அதுவரைக்கும் மொட்டுல கை வச்சிராதிய அண்ணாச்சி" என்று டீச்சர் சொல்லியிருந்தார். மகள் நட்ட செடி. கல்யாணமாகி முதல் தடவை வருகிறாள். எல்லாம் வெட்டி முடித்த பிறகுதான் நினைவு வந்தது.

கத்தரி வெட்டிய முனை சரிவாக, சுத்தமாக இருக்கும். அதனால் ஒவ்வொரு முனையையும் நசுக்கி, நார் நாராகப் பிய்த்தேன். மொட்டுகளை எருக்குழியில் புதைத்தேன். கையெல்லாம் வாசம்.

டீச்சர் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தார். "என்ன அண்ணாச்சி இது?"

"அலிமா ஆடு புகுந்துட்டுதும்மா."

அலிமா பக்கத்துத் தெரு. அவளுக்கு இருந்தது ஒரே ஆடு. இந்தத் தோட்டத்துப் புல்லைத்தான் தினமும் அறுத்துப் போவாள். மறுநாள் டீச்சர் கேட்டைப் பூட்டிவிட்டார்.

"என் ஆடு கட்டுலதான் கெடந்துச்சு டீச்சர்" என்று வெளியே நின்று சொன்னாள். நான் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை.

தூரம் போய்ப் புல் அறுக்க அவளை முட்டுவலி விடவில்லை. மூன்றாம் வாரம் ஆட்டை விற்றுவிட்டாள்.

நான் பிய்த்த கிளைகள் கறுத்து, அடிவரை காய்ந்தன. வெட்டியதோடு விட்டிருந்தால் துளிர்த்திருக்கும். சுவரோரம் ஒரு கிளையைப் பிய்க்க மறந்திருந்தேன். அது மட்டும் துளிர்த்துக் கொத்தாகப் பூத்தது.

டீச்சர் என்னைக் கூப்பிட்டு, துளிருக்கு மேலே இருந்த சரிவான வெட்டைத் தொட்டுக் காட்டினார்.

"அலிமா ஆடு கத்தரி வச்சிருந்துதோ?"

கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்தேன்.

"நான் அவகிட்டப் போறேன். வாறியளா?"

போனேன். ஆடு கட்டும் முளைக்குச்சியில் கயிறு மட்டும் கிடந்தது. டீச்சர் தொடங்கும் முன் நானே சொல்லிவிட்டேன். அலிமா திட்டவில்லை. கயிற்றை அவிழ்த்து, சுருட்டி, என்னிடம் நீட்டினாள்.

"நீரே வச்சுக்கிடும் அண்ணாச்சி. அடுத்த பொய்க்கும் ஒரு ஆடு வேணும்லா."

வாங்கிக்கொண்டேன்.