வரைபடத்தில் ஒரு திருத்தம்

என் கையில் சிவப்புப் பேனா வந்து இருபத்திரண்டு வருடமாகிறது. எங்கள் பதிப்பகம் எதிரே கடலில் இருக்கும் தீவைப் பற்றிய புத்தகங்களை மட்டுமே போடும். தீவின் சிப்பிகள், பழைய துறைமுகம், கிணறுகள், படகு கட்டுகிறவர்களின் பேச்சு என்று முப்பத்தொரு தலைப்பு வந்துவிட்டது. ஒவ்வொன்றும் முந்நூறு பிரதி அச்சாகும், அதில் பாதி மாடிப்படிக்கு அடியில் தூங்கும். விற்காவிட்டாலும் பிழை இருக்காது. நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவள். "இந்தம்மா கடலுக்கே புரூஃப் பார்த்து, உப்பு அதிகம்னு ஓரத்துல எழுதும்" என்பார் முதலாளி. இத்தனை நாளும் அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

முப்பத்திரண்டாவது புத்தகத்தை எழுதியவன் என் அண்ணன். படகுத்துறையில் தீவுக்கு டிக்கெட் கொடுப்பவன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. லீவு நாளென்றால் தீவுக்குப் போய் மணலில் குப்புறப் படுத்து ஆலாப் பறவைகளை எண்ணுவான். பதினாறு வருடம் எண்ணினான். ஆலா கூடு கட்டாது. வெறும் மணலில் ஒரு சின்னக் குழி, அதில் இரண்டு முட்டை, அவ்வளவுதான் அதன் வீடு. முட்டையும் மணல் நிறத்தில் இருக்கும், மிதித்த பிறகுதான் மிதித்தது தெரியும். தீவில் அவை இறங்குவது ஒரே ஒரு திட்டில். அது எந்தத் திட்டு என்று அண்ணன் யாரிடமும் சொன்னதில்லை.

என்னிடமும்தான். பள்ளிக்கூட நாளில் அவன் மட்டம் போட்டதை அப்பாவிடம் சொல்லி அடி வாங்க வைத்தவள் நான். மறுபடி மட்டம் போட்டான், மறுபடி சொன்னேன். "பார்த்ததைத்தானே சொன்னேன்" என்றேன். அதற்குப் பிறகு அவன் என்னிடம் எதையும் சொல்வதை நிறுத்திவிட்டான்.

புத்தகத்திலும் அவன் இடத்தைச் சொல்லவில்லை. ஆனால் எங்கள் புத்தகம் ஒவ்வொன்றின் கடைசியிலும் மடித்து ஒட்டிய வரைபடம் இருக்கும், அது முதலாளியின் பிடிவாதம். வேண்டாம் என்று அண்ணன் இரண்டு முறை வந்து கேட்டுப் பார்த்தான். "வரைபடம் இல்லாத தீவுப் புத்தகம் மூக்கில்லாத மூஞ்சி" என்று சொல்லி அனுப்பிவிட்டார். மூன்றாம் முறை வந்தபோது வரைபடம் கையில் இருந்தது. வடமுனையில் ஒரு குட்டிப் பறவை வரைந்திருந்தான்.

பறவைக் கணக்கைச் சரிபார்ப்பதற்காக அவனுடைய பதினாறு நோட்டுகளையும் வாங்கி வைத்திருந்தேன். எண்ணிக்கை எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் நோட்டில் வேறொன்றும் இருந்தது. "இறங்குதுறையிலிருந்து நடை நாற்பது நிமிஷம். காலை வெயில் இடது கன்னத்தில். இரண்டாவது ஓடை, இடுப்பளவு தண்ணீர்." காலை வெயில் இடது கன்னத்தில் பட்டால் போகிற திசை தெற்கு. பதினாறு வருடத்தில் ஒரு தடவைகூட அவன் வடக்கே போனதாக இல்லை. அடடா, அண்ணன் வசமாக மாட்டினான் என்று என் மனசு ஒரு குதி குதித்தது. ஸ்கேலை வைத்து, பறவையை வடமுனையிலிருந்து எடுத்துத் தெற்கே இரண்டாவது ஓடைக்கு அப்பால் வைத்தேன்.

அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எங்கள் வழக்கப்படி நூலாசிரியர் எழுத்துப் பக்கங்களைத்தான் பார்ப்பார், வரைபடம் என் மேசையிலிருந்து நேராக அச்சுக்குப் போகும். அது ஒரு சாக்கு. கேட்டால் முதல் புத்தகத்திலேயே தப்பு விட்டோமே என்று சங்கடப்படுவானே என்று நினைத்தேன் என்பதும் சாக்குதான். பிழையைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் எனக்குக் கண் தெரியவில்லை, அதுதான் உண்மை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தான் அவன். சோற்றைக் கிளறி அதை எடுத்து ஊருக்கே பரிமாறினேன் நான்.

ஆலா முட்டையிடும் மாதத்தில் புத்தகம் வந்தது. யாரோ நாலு பக்கத்தைப் படம் பிடித்துப் போனில் போட, அது காட்டுத்தீயாகப் பரவியது. பத்து நாளில் முந்நூறும் தீர்ந்துவிட்டது. எங்கள் சரித்திரத்தில் நடக்காத விஷயம். ஆயிரம் பிரதி இரண்டாம் அச்சு என்றார் முதலாளி. நல்ல செய்தியை நானே சொல்ல வேண்டும் என்று படகுத்துறைக்கு ஓடினேன்.

டிக்கெட் ஜன்னல் முன்னால் வரிசை வாசல் வரை நின்றது. பாதிப் பேர் கையில் அண்ணன் புத்தகம். முன்னால் நின்ற ஒருவர் வரைபடத்தை விரித்து, ஜன்னல் வழியாக உள்ளே நீட்டிக் கேட்டார்.

"சார், இந்த ரெண்டாவது ஓடைக்கு எங்க இறங்கணும்?"

அண்ணன் அதை வாங்கிப் பார்த்தான். அவன் தன் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை அன்றுதான் விரித்துப் பார்க்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. முகத்தில் ஈயாடவில்லை. பக்கத்துக் கதவருகே நின்ற என்னைப் பார்த்தான்.

"நீயா மாத்தின?"

"ஆமாண்ணா. தப்பா இருந்துச்சு. உன் நோட்டுலயே..."

"தப்பு இல்லம்மா. வேணும்னேதான் அப்படிப் போட்டேன்."

திட்டியிருந்தால் தேவலை. வரிசையில் இருந்தவர் "ரெண்டு பெரியவங்க, ஒரு குழந்தை" என்றார். அண்ணன் மூன்று டிக்கெட் கிழித்துக் கொடுத்தான். அடுத்தவருக்கும் கொடுத்தான். அது அவன் வேலை, வேறு என்ன செய்வான்.

அடுத்த ஞாயிறு நானும் அவனும் மரக்கம்பும் கயிறும் கொண்டுபோய்த் திட்டைச் சுற்றிக் கட்டினோம். கயிறு கட்டிய பிறகுதான் உள்ளே ஏதோ இருக்கிறது என்று ஜனங்களுக்குப் புரிந்தது போலிருக்கிறது. தாண்டிப் போய்ப் படம் எடுத்தார்கள். ஆள் பக்கத்தில் வந்ததும் ஆலாக்கள் எழும்பிக் கத்திக்கொண்டே சுற்றின. சுற்றிய நேரத்தில் முட்டைகள் வெயிலில் வெந்தன, மிச்சத்தைக் காக்கை பார்த்துக்கொண்டது. ஒரு அம்மாள் செருப்பைத் தூக்கி அடியில் ஒட்டியிருந்ததைப் பார்த்து முகம் சுளித்தாள். என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

அதற்கடுத்த வாரம் படகுத்துறையிலேயே நின்றுகொண்டேன். வருகிறவர்களிடம் எல்லாம் பொய் சொன்னேன். அதுவரை பொய் சொல்லிப் பழக்கமில்லை, நாக்கு புரளவில்லை.

"வரைபடம் தப்புங்க. பறவைங்க அங்க இல்ல. வடமுனைக்குப் போங்க."

புத்தகத்தைக் கையில் வைத்திருந்த பெரியவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"சும்மா இரும்மா. முப்பது வருஷமா இவங்க புத்தகத்தை வாங்குறேன். ஒரு எழுத்துப் பிழை பார்த்ததில்ல."

வழி விட்டேன்.

இரண்டாம் அச்சுக்கு வரைபடம் என் மேசைக்கு வந்தபோது, பறவையைத் தூக்கி மறுபடி வடமுனையில் வைத்தேன். இந்த முறை கேட்காமல் அனுப்ப எனக்குத் துணிச்சலில்லை. தாளை எடுத்துக்கொண்டு அண்ணன் அறைக்குப் போனேன். தீவிலிருந்து அப்போதுதான் வந்திருந்தான், கால்சட்டை இடுப்பு வரை நனைந்திருந்தது. மேசையில் பதினேழாவது நோட்டு திறந்திருந்தது. தேதி, நேரம், காற்றின் திசை எல்லாம் எழுதி, எண்ணிக்கைக்கு நேரே பூஜ்யம் போட்டிருந்தான்.

"எங்கண்ணா போயிருக்கும்?"

"தெரியல."

"அடுத்த வருஷம்?"

"பயந்த இடத்துக்கு அது திரும்பாது."

மன்னிப்புக் கேட்டேன். "சரி, விடு" என்றான். அவன் விட்டுவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. தாளை நீட்டினேன். வடமுனையில் இருந்த பறவையைப் பார்த்தான். என் காதில் செருகியிருந்த சிவப்புப் பேனாவை அவனே எடுத்து, பறவையை அடித்துவிட்டு, தெற்கே இரண்டாவது ஓடைக்கு அப்பால் மறுபடி வரைந்தான். பதினாறு வருடம் அதைப் பார்த்தவன் கை. அழகாகத்தான் வந்தது.

"ஏண்ணா?"

"ஒருவேளை வடக்குப் பக்கம் ஒண்ணு ரெண்டு ஒதுங்கியிருந்தா? அங்க ஏன் ஆளை அனுப்பணும்? இங்க வரட்டும். இங்கதான் இனிமே மிதிக்கறதுக்கு ஒண்ணும் இல்லையே."

"வடக்குல ஒதுங்கியிருக்குமா?"

"இல்ல. நேத்து போய்ப் பார்த்துட்டேன்."

பேனாவை என்னிடம் திருப்பிக் கொடுத்தான். அச்சுக்குப் போகும் தாளில், திருத்தியவர் கீழ்மூலையில் 'பிழை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது எங்கள் வழக்கம். முதலாளி இரண்டு முறை போன் செய்துவிட்டார். அண்ணன் மேசையிலேயே தாளை வைத்து, எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.