உடன் வந்தவர்

மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்ட ஆறாயிரம் பேரின் பழைய பதிவேடுகளை அக்கா கணினிக்குள் ஏற்றியிருந்தாள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு யார் ஐந்து வருடம் தாண்டுவார், யாருக்கு ஆபத்து என்று அது முன்கூட்டியே சொல்ல வேண்டும். மருத்துவமனையின் இரண்டாவது மாடியில் இரண்டு வருடமாக அவளுக்கு இதுதான் வேலை.

வயது, ரத்தப் பிரிவு, சர்க்கரை எல்லாவற்றையும் சலித்துப் பார்த்த கணினி, யாரும் சட்டை செய்யாத ஒரு கட்டத்தைப் பிடித்துக்கொண்டது: 'உடன் வந்தவர்'. அது காலியாக இருந்தவர்களில் நிறையப் பேர் சீக்கிரமே போய்ச் சேர்ந்திருந்தார்கள். கூட ஆள் இருந்தால் மாத்திரை தவறாது, காய்ச்சலை மறைக்கவும் முடியாது. இதைச் சொல்ல ஒரு கணினி வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டியிருந்ததே, என்ன செய்வது!

அன்று காலை இப்போது சிகிச்சையில் இருப்பவர்களின் பட்டியலை ஓட்டினாள். பெயர் இருக்காது, எண் மட்டும்தான். ஆபத்து என்று சிவப்பில் முதலாவதாக வந்தவருக்கு வயது முப்பத்து நான்கு. வெல்டர். அறுவை நடந்தது மார்ச் ஒன்பது. அந்தத் தேதியை அவள் மறப்பாளா? அவளோடு ஒரே வீட்டில் இருக்கும் தம்பி! பதினோரு முறை பரிசோதனைக்கு வந்திருக்கிறான். பதினோரு கட்டமும் காலி.

"நீ எதுக்குக்கா வேலைய விட்டுட்டுக் கீழ வர்ற? நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்று ஒவ்வொரு செவ்வாயும் அவன் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டவள் அவள். ஆறாயிரம் பேரின் ஆயுளைக் கணக்குப் போட்டவளுக்கு இரண்டு மாடி இறங்கத் தோன்றவில்லை. அந்தக் கட்டங்களில் தன் பெயரைத் தட்டிவிட்டால் சிவப்பு மறைந்துவிடும். கை ஒரு கணம் போகத்தான் செய்தது. பிறகு எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் கீழே ஓடினாள். அன்றும் செவ்வாய்தான்.

தம்பி டாக்டர் அறை வாசலில் உட்கார்ந்திருந்தான். "என்னக்கா, யாருக்கு என்ன?"

"உனக்குத்தான். தள்ளி உக்காரு."

உள்ளே போனதும் டாக்டர் கேட்டார். "காய்ச்சல் ஏதாவது இருந்துச்சா?"

"ஒன்னுமே இல்ல டாக்டர். கல்லு மாதிரி இருக்கேன்."

"பொய் டாக்டர்! வியாழக்கிழமை போர்வைக்குள்ள நடுங்கிக்கிட்டுக் கெடந்தான். கேட்டா மழையில நனைஞ்சேன்னான்."

தம்பி அவளை முறைத்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதில் அவன் கெட்டிக்காரன். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு அவன் வயிற்றை அழுத்திப் பார்த்தார். உடனே ரத்தம் எடுக்கச் சொன்னார்.

மத்தியானம் முடிவு வந்தது. புதுச் சிறுநீரகத்தை உடம்பு ஏற்க மறுக்கத் தொடங்கியிருந்தது. இப்போதுதான் ஆரம்பம், மருந்துக்குக் கட்டுப்பட்டுவிடும் என்றார் டாக்டர். அதைக் கேட்டதும் அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது.

கையில் ஊசியோடு படுத்திருந்த தம்பி மெல்லச் சொன்னான். "சொன்னா மறுபடியும் படுக்க வச்சிருவாங்கன்னு பயமா இருந்துச்சுக்கா."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"நீ அழுவ."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உன் கம்ப்யூட்டர் என்னக்கா சொல்லுது? நான் பொழச்சுக்குவேனா?"

"இனிமே எல்லாச் செவ்வாய்க்கிழமையும் கீழ வரச் சொல்லுது."

"அதான் தவறாம வர்றேனே?"

"உன்னை இல்லடா. என்னை."