காக்கை தொடாத சோறு

எழில் ஆறு மணிக்கு எழுந்தான். பால் பாக்கெட்டை எடுத்து உள்ளே வைத்தான். பால்கனிக் கூண்டின் தட்டிலிருந்த பழைய செய்தித்தாளை உருவிவிட்டு வேறு தாள் விரித்தான். உமியை ஊதித் தள்ளி, தினை போட்டான். தண்ணீர் மாற்றினான். பல் தேய்த்தான். மனைவி ஷர்மிளா போன நாளிலிருந்து இதே வரிசைதான்.

கூண்டில் இருந்தவை கோல்டியன் ஃபின்ச் குருவிகள். பச்சை முதுகு, ஊதா நெஞ்சு, மஞ்சள் வயிறு. பூர்வீகம் ஆஸ்திரேலியா, ஆனால் இவற்றின் பாட்டன் பூட்டனே கம்பிக்குள் பிறந்தவை. ஷர்மிளா வளர்த்தவை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வானகரம் பக்கம் போய், காலி மனைகளின் கோரைப்புல்லில் சிவப்புச் சில்லைக் குருவிகளைத் தேடிக்கொண்டிருப்பாள். அவற்றை வலை போட்டுப் பிடிப்பவனைக் கண்டால் சண்டைக்குப் போவாள். வெளியே பிறந்ததை அடைக்கக் கூடாது, கூண்டில் பிறந்ததைத் திறந்துவிடக் கூடாது என்பது அவள் கட்சி.

அன்று அவளுடைய முதல் வருஷத் திதி. ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து அவளுடைய அக்கா ஹேமாவதியும் கணவர் மனோகரனும் காட்டுப்பாக்கம் ஃப்ளாட்டுக்கு வந்திருந்தார்கள்.

ஹேமாவதியிடம் ஒரு கதை இருந்தது. ஆஸ்பத்திரியில் ஷர்மிளா கடைசியாகத் தன் கையைப் பிடித்துக்கொண்டு, குருவிகளைத் திறந்துவிடச் சொன்னாளாம். சாவு வீட்டில் ஆரம்பித்த பேச்சு, சொந்தம் முழுக்கப் பரவிவிட்டது. உண்மையில் ஹேமாவதி ஐசியூவுக்குள் வரவே இல்லை. கடைசி நாள் முழுக்க வாசலில் நின்றிருந்தாள். எதையாவது பிடித்துக்கொண்டு தேறட்டும் என்று எழில் மறுத்துப் பேசவில்லை. குருவிகளை மட்டும் விடவில்லை.

படையல் முடிந்து மொட்டை மாடியில் காக்கைக்குச் சோறு வைத்தார்கள். காக்கைகள் தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன. ஒன்றும் இறங்கவில்லை. மனோகரன் தொண்டை கட்டும்வரை கூப்பிட்டார். தங்கச்சிக்கு ஏதோ குறை இருக்கிறது, அதான் எடுக்க மாட்டேன் என்கிறாள் என்று ஹேமாவதி முணுமுணுத்தாள்.

"இந்த ஏரியா காக்காக்கு மிக்சர்தான், சகல. போய் ஒரு பாக்கெட் வாங்கிட்டு வா" என்று மனோகரன் எழிலைக் கடைக்கு அனுப்பினார்.

மிக்சரோடு படியேறும்போதே மேலே ஒரே கரைச்சல். கூண்டு மாடிக்கு வந்திருந்தது. கதவு திறந்திருந்தது. காக்கைகள் இப்போது இறங்கியிருந்தன, சோற்றுக்கு அல்ல. கைப்பிடிச் சுவரில் ஓர் ஆண் குருவி, அவ்வளவு பெரிய வெளியில் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தது. எழில் ஓடிப் போவதற்குள் ஒரு காக்கை அதையும் கொத்திக்கொண்டு பறந்தது. அதுதான் கடைசி.

ஹேமாவதி கைகூப்பி நின்றாள். கண்ணெல்லாம் நீர்.

"ஆசை தீந்துடுச்சு தம்பி. அவளே காக்காயா வந்து கூட்டிட்டுப் போயிட்டா பாரு."

வெளியே சில்லைகள் பிழைக்கவில்லையா, இதுங்க என்ன ஜமீன் வீட்டுப் பிள்ளைகளா என்றார் மனோகரன்.

இத்தனை நாள் எழிலுக்கு எதுவும் உறைத்ததில்லை. இப்போது காது மடல் எரிந்தது. குருவிகள் செத்ததைக்கூட அவன் பொறுத்துக்கொண்டிருப்பான். அதை அவள் தலையில் கட்டியதைப் பொறுக்க முடியவில்லை. அவளால் இனி வந்து இல்லை என்று சொல்ல முடியாது. அந்தத் தைரியம்தான் இவர்களுக்கு.

"அவ உங்ககிட்ட எதுவும் சொல்லலக்கா. நர்ஸ் உள்ள விடலைன்னு உங்ககிட்ட சொன்னேனே, நர்ஸ் இல்ல. அவதான் வேணாம்னா."

ஹேமாவதியின் கைகள் மெல்ல இறங்கின. திதியும் அதுவுமா இதெல்லாம் எதுக்கு சகல என்று மனோகரன் அவன் தோளைத் தொட்டார். எழில் தோளை உதறினான். ஷர்மிளா ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கிக்கொண்டு தன்னிடம் கடைசியாகச் சொன்னதை, ஒரு சொல் மாற்றாமல், ஹேமாவதியின் முகத்தைப் பார்த்துச் சொன்னான்.

"அக்கா வெளிய நிக்கிறாளா? உள்ள விட்டுடாத எழில். வந்தா அழுவா. அப்புறம் நான்தான் அவளைத் தேத்தணும். என்னால முடியல."