உறைந்த ஆற்றின் மேல் ஓர் ஆட்சேபணை

இக்கரை சேன்-ஸெனோப்பில் பிரெஞ்சு, அக்கரை நகரத்தில் இங்கிலீஷ். இந்தச் சின்ன ஊராட்சியை நகரத்தோடு சேர்த்துவிடலாமா என்று கேட்கும் கூட்டத்தை நகரத்துக்காரர்கள் வேண்டுமென்றே ஜனவரியில், தங்கள் மண்டபத்தில் வைத்தார்கள். ஆறு உறைந்து படகுப் போக்குவரத்து நின்றிருக்கும், பாலத்தைச் சுற்றிப் போனால் அரை நாள். வராதவர்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று எடுத்துக்கொள்வார்களாம். என்ன ஒரு சாமர்த்தியம்!

சேன்-ஸெனோப்பின் மேயரம்மா கிஸ்லேனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பள்ளிக்கூடத்த எடுத்தாங்க, தபாலாபீஸ எடுத்தாங்க. இப்ப ஊரையே கேக்கறாங்களா?"

கோடையில் படகு ஓட்டும் ரெழான், உறைந்த ஆற்றில் துளை போட்டுப் பனியின் கனத்தைப் பார்த்துவிட்டு வந்தான்.

"கார் தாங்கும், கிஸ்லேன். லாரி தாங்காது."

"நம்மகிட்ட ஏதுடா லாரி? மரத்த நடச் சொல்லு."

கிறிஸ்துமஸ் முடிந்து வாசலில் கிடந்த மரங்களை ஆளுக்கொன்றாக இழுத்துவந்து, பாதை தெரிய வரிசையாகப் பனியில் நட்டார்கள். சிலவற்றில் ஜிகினா இன்னும் தொங்கியது.

முதல் கார் மேயருடையதாக இருக்கவேண்டும் என்பது ஊர் வழக்கம். மூழ்கினால் மேயர் முதலில் மூழ்கட்டும் என்ற பெருந்தன்மை. ஊரைப் பற்றி அறிக்கை எழுத வந்திருந்த அரசு அதிகாரி லான்டேன் கரையில் நின்று வேடிக்கை பார்த்தார்.

"ஏறுங்க சார். நீங்களும் கூட்டத்துக்கு வரணும்ல?"

ஏறியவர் சீட் பெல்ட்டை மாட்டினார்.

"அதக் கழட்டுங்க. கண்ணாடியையும் இறக்குங்க. உள்ள போனா நீந்தி வெளிய வரணும்."

"நான் பாலம் வழியாவே..."

"தாராளமா. ஊரே பாத்துட்டு இருக்கு, இறங்குங்க."

அவர் இறங்கவில்லை.

நடு ஆற்றில் பனி நீளமாக முனகியது.

"திரும்பிடுங்க மேடம்!"

"முனகற பனி நல்ல பனி சார்."

சொல்லிக்கொண்டே தன் பக்கக் கதவைக் கொஞ்சம் திறந்து பிடித்துக்கொண்டாள். ஆனாலும் திரும்புவதா? செத்தாலும் மாட்டாள். பின்னால், போதிய இடைவெளி விட்டு, ஒவ்வொரு காராக ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்தது.

அக்கரை மண்டபத்தில் இருபது நாற்காலிதான் போட்டிருந்தார்கள். சேன்-ஸெனோப்காரர்கள் நிரம்பி, வாசலைத் தாண்டித் தெருவரை நின்றார்கள். நகர மேயரின் முகத்தில் ஈயாடவில்லை.

"இத்தனை பேருக்கு உக்கார இடம் இல்லையே மேடம். கூட்டத்த இன்னொரு நாள் வெச்சுக்கலாமா?"

"நாங்க உக்கார வரல சார். ஒவ்வொருத்தரா வந்து, 'முடியாது'ன்னு பிரெஞ்சுல சொல்லிட்டுப் போகப்போறோம். நேரமாகும். நீங்க உக்காந்துக்கோங்க."