தாம்பூலப் பை

இயற்கையை நேசிப்பதில் தனக்கு இணையாகத் தாம்பரம் வட்டாரத்திலேயே யாரும் இல்லை என்பது உமேஷின் கருத்து. விஸ்காம் இரண்டாம் ஆண்டு மாணவன், கல்லூரிச் சுற்றுச்சூழல் மன்றத்தின் செயலாளர். வாரந்தோறும் இன்ஸ்டாகிராமில் 'பசுமைச் சிந்தனைகள்' எழுதுவான். அதில் காற்று விம்மும், மரங்கள் அவனிடம் மட்டும் பேசும். வீட்டு மொட்டைமாடித் தொட்டியிலிருந்த துளசி மட்டும் எதுவும் பேசாமல், தண்ணீர் கிடைக்காமல் செத்துப்போயிற்று.

அவனுடைய சிந்தனைகளில் சிகரம் என்று செம்பாக்கம் ஏரியைப் பற்றியதைத்தான் சொல்ல வேண்டும். அந்திவேளையில் கரையில் நின்று ஒரு படம் எடுத்தான். படத்தின் ஓரத்தில் ஏசுபாதத்தின் மீன்கடையும் விழுந்திருந்தது. நீலத் தார்ப்பாய், தராசு, மீன் வெட்டும் கட்டை. படத்துக்குக் கீழே எழுதினான்: 'ஏரியின் கண்ணீரில் ரத்தம் கலக்கிறது. கரையோரக் கத்திகள் தங்கள் பாவத்தை அவள் மடியில் கழுவுகின்றன.'

அதை அவன் அப்பா ராஜகோபாலன், அஸ்தினாபுரத்தில் அவர்கள் இருந்த குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் 'என் பையன் எழுதியது' என்று போட்டார். அவர் வங்கி அதிகாரி, குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். மீன்கடைப் பக்கம் போகும்போதெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தவர்களுக்குக் கடைசியில் ஓர் இலக்கிய ஆதாரம் கிடைத்தது. சங்கத்தின் பெயரில் மாநகராட்சிக்குப் புகார் போனது. கடையை அகற்றலாமா என்று பார்க்கத் திங்கட்கிழமை சுகாதார ஆய்வாளர் வருவதாகப் பதிலும் வந்தது.

ஏசுபாதத்தின் மகன் ஆல்வின், வகுப்பில் உமேஷுக்குப் பக்கத்து இருக்கைக்காரன். கேன்டீன் வாசலில் பிடித்துக்கொண்டான்.

"மச்சான், நீ போட்டுக்கிறது எங்கப்பா கடைடா."

"பேர் எதுவும் போடலியே."

"பேர் போடல. போட்டோ போட்டுக்கிறியே."

"அது ஒரு சிம்பல்டா. நான் மனுஷங்களச் சொல்லல, மனோபாவத்தச் சொன்னேன்."

"திங்கக்கெழம மனோபாவத்தத் தூக்க வரல மச்சான், கடையத் தூக்க வராங்க. கழிவெல்லாம் டிரம்முல போட்டு மூடி வெச்சிருக்கோம். சாயங்காலம் வண்டி வந்து எடுத்துனு போவுது. என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

கேட்கவில்லைதான். "ஞாயித்துக்கிழமை கிளீனிங் இருக்கில்ல? ஏரிலேர்ந்து என்ன வருதோ, அதுவே பேசட்டும்" என்றான் உமேஷ்.

ஞாயிறு காலை பச்சை டி-ஷர்ட், கையுறை, பேனர், போண்டா சகிதம் மன்றம் கரையில் இறங்கியது. பேராசிரியர் ஜோனத்தான் தொடங்கி வைத்தார். ஆல்வினும் வந்திருந்தான். மாணவர்கள் நீளக் கொம்புகளால் கரையோரத்துக் குப்பையை இழுத்துப் போட்டார்கள். மீன் குடல் வரவில்லை. பூ வந்தது. அழுகிய மாலைகள், கண்ணாடி உடைந்த சாமி படங்கள், பழைய காலண்டர் முருகன்கள், எல்லாம் பை பையாக வந்தன.

சாமிக்குப் போட்ட பூவைக் குப்பைத்தொட்டியில் போடக் கூடாது. யார் காலும் படக் கூடாது. ஆகவே நல்ல குடும்பங்கள் அதைப் பையில் நிரப்பி, காதுகளை இறுக முடிச்சுப் போட்டு, ஓடுகிற நீரில் விடும். அஸ்தினாபுரத்தைச் சுற்றி எதுவும் ஓடுவதில்லை, வண்டிகளைத் தவிர. எனவே ஏரி. உமேஷின் அம்மா சாவித்ரி, பள்ளி ஆசிரியை, வெள்ளிக்கிழமைப் பூவை மறுநாள் கட்டி வைப்பாள். ராஜகோபாலன் கரையில் ஸ்கூட்டரின் வேகத்தைக் குறைத்து, பையை வீசி, கன்னத்தில் போட்டுக்கொண்டு வங்கிக்குப் போவார். அவருக்கு முதுகுவலி என்றால் உமேஷ் போவான். எதையோ எறிகிறோம் என்று அவனுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. குப்பையைத்தானே எறிவார்கள்? இது பூஜை சம்பந்தப்பட்டது.

அடுத்து வந்த பை சிவப்பு நிறம். நல்ல தடிமன், மக்காத ரகம். இரண்டு மயில்கள். நடுவே 'மாளவிகா – ஷ்யாம்சுந்தர்' என்று தங்க எழுத்தில் அச்சிட்டிருந்தது. உமேஷின் அக்கா கல்யாணத்துக்கு அடித்த தாம்பூலப் பை. விருந்தாளிகளைக் கூட்டிக் கணக்குப் போட்டதில் பரண் நிறைய மிஞ்சிப்போனது.

"யாருப்பா இந்த மாளவிகா?" என்றாள் கேமராவோடு நின்ற ஹெப்சி. "ஏரிலயே கல்யாணம் பண்ணிக்கிட்டாங்களா?"

"ரிசப்ஷனும் இங்கதான்டி. இன்னொண்ணு வருது பாரு" என்றது ஒரு குரல்.

இன்னொன்று வந்தது. அதன் பின்னால் ஒரு கொத்தாகவே வந்தது.

"ஹனிமூனுக்கும் வெளிய போகல போல!"

கரை முழுக்கச் சிரித்தது. உமேஷும் சிரித்தான். ஆல்வின் சிரிக்கவில்லை. அந்தக் கல்யாணத்தில் சாப்பிட்டு, அதே பையில் தேங்காயும் வெற்றிலையும் வாங்கிப் போனவன் அவன். கையிலிருந்த பையைப் பார்த்தான், உமேஷைப் பார்த்தான், பையைக் குவியலில் போட்டான். அவன் உரக்கச் சொல்லியிருந்தால்கூட உமேஷால் சமாளித்திருக்க முடியும்.

நிறைவுரைக்கு மைக் வந்தது. ராத்திரி உட்கார்ந்து மனப்பாடம் செய்த எதுவும் வாயில் வரவில்லை.

"இந்தப் பை எங்க வீட்டுது" என்றான். "மாளவிகா எங்க அக்கா. இதுல சிலத நானே போட்டிருக்கேன்."

 கைதட்டல் எழுந்தது. ஜோனத்தான் ஓடிவந்து கட்டிக்கொண்டு, "இந்த நேர்மைதான் சுற்றுச்சூழலின் முதல் படி" என்றார். ஹெப்சி கத்தினாள்: "சூப்பர்டா! ஆரம்பத்த விட்டுட்டேன். இன்னொரு வாட்டி சொல்லு, பையக் கொஞ்சம் மேல தூக்கிப் பிடி."

தூக்கிப் பிடித்தான். இரண்டாவது தடவை இன்னும் நன்றாகவே வந்தது. 'அக்கா' என்ற இடத்தில் குரல் தழுதழுத்தது.

ஆல்வின் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தான்.

"நல்லா பேசின மச்சான்."

"தேங்க்ஸ்டா."

"எங்கப்பா கடையப் பத்தி ஒரு வார்த்த வருமான்னு பாத்துக்கினு இருந்தேன். ரெண்டு வாட்டியும் வரல."

உமேஷ் மைக் இருந்த பக்கம் திரும்பினான். வயரைச் சுருட்டி ஆட்டோவில் ஏற்றிவிட்டார்கள்.

வீட்டுக்குள் நுழையும்போதே வீடியோ வந்து சேர்ந்திருந்தது. "சம்பந்தி வீட்டுல பாத்தா நான் மூஞ்ச எங்கடா வெச்சுப்பேன்?" என்றாள் சாவித்ரி. கரையோரக் கத்திகளைப் பற்றிய பதிவை உமேஷ் நீக்கினான். புகாரை வாபஸ் வாங்கச் சொல்லி அப்பாவிடம் கேட்டான்.

"சாமிப் பூவும் மீன் குடலும் ஒண்ணாடா?" என்றார் ராஜகோபாலன். "இப்ப வாபஸ் வாங்கினா குத்தம் நம்ம மேல வந்து நிக்கும். பேசாம போய்ப் படி."

திங்கட்கிழமை வகுப்புக்குப் போகாமல் கடைக்குப் போனான். ஆய்வாளர் வந்திருந்தார். அவர் கோப்பில் உமேஷின் பதிவு படத்தோடு அச்செடுத்து இணைக்கப்பட்டிருந்தது. இன்ஸ்டாகிராமில் நீக்கினாலும் அரசாங்கத்தில் நீங்காது.

"சார், அத எழுதினது நான்தான். அது தப்பு சார்."

"நீதானா? தமிழ் பிரமாதம்." ஆய்வாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "இவங்க கழிவத் தண்ணில கொட்டினத நீ பாத்தியா?"

"இல்ல சார்."

"யாராவது சொன்னாங்களா?"

"இல்ல சார்."

"பின்ன எதுக்குப்பா எழுதின?"

சிம்பல், மனோபாவம், சமூகம் என்று நாக்கு நுனியில் நிறைய நின்றன. ஏசுபாதம் பாதி செதில் எடுத்த மீனோடு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆல்வின் டிரம்மின் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"படிக்க நல்லாருந்துச்சு சார்" என்றான்.

"எது?" ஆய்வாளர் தாளை எட்டப் பிடித்து, குடிநீர் வரி நோட்டீஸ் வாசிக்கிற குரலில் வாசித்தார். "கரையோரக் கத்திகள் தங்கள் பாவத்தை அவள் மடியில் கழுவுகின்றன." நிமிர்ந்தார். "எவ மடியிலப்பா?"

"ஏரி சார்."

ஏசுபாதம் கத்தியை லுங்கியில் துடைத்தார். "நான் பைப்புலதான் சார் கழுவுறேன்" என்றார்.

 ஆய்வாளர் டிரம்மைத் திறந்து பார்த்தார், கடைக்குப் பின்னால் போய் மண்ணைப் பார்த்தார், திரும்பி வந்து ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். "பாக்கலேன்னு எழுதிக் குடு. சும்மா எழுது, அலங்காரம் வேணாம்." எழுதிக் கொடுத்தான். அதை மற்றவற்றோடு சேர்த்துக் குத்திக்கொண்டு, "கடை இருக்கட்டும். மூடிய மட்டும் எப்பவும் மூடி வெய்யி" என்று ஏசுபாதத்திடம் சொல்லிவிட்டு அவர் கிளம்பினார்.

"அங்கிள்..." என்று ஆரம்பித்தான் உமேஷ்.

ஸ்கூட்டியில் வந்திறங்கிய ஓர் அம்மா அவன் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "சங்கரா இன்னிக்கு வந்ததா?"

"காலைல வந்தது கீது அக்கா, செவுளப் பாரு" என்ற ஏசுபாதம், உமேஷின் பக்கம் கையை அசைத்தார். "தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லுப்பா. யாவாரம் நடக்கோணும்ல?"

உமேஷ் தள்ளி நின்றான். ஆல்வின் தராசில் மீனை எடுத்து வைத்தான்.

"காலேஜுக்கு வரியாடா?"

"நீ போ" என்றான் ஆல்வின், தராசு முள்ளைப் பார்த்தபடி.