டீச்சருக்கு வந்த சத்து மாத்திரை

மழலையர் பள்ளி டீச்சர் கண்ணாடி முன்னால் நின்று சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அச்சகம் நடத்தும் கணவர் வாசலில் வண்டியை உறுமவிட்டபடி கத்தினார்.

"பொத்தான் போட ஒரு மணி நேரமா? எனக்கு வேலைவெட்டி இல்லைன்னு நினைச்சியா?"

டீச்சர் ஏதோ பதில் சொன்னார்.

"முணுமுணுக்காதே! வாயைத் திறந்து சொல்லு."

அவர் முணுமுணுக்கவில்லை. பார்க்கின்சன் நோய் அவர் குரலைச் சிறுகச் சிறுக அமுக்கியிருந்தது. முகத்தின் தசைகளும் இறுகிப்போனதால் சிரிப்பு வெளியே வராமல் உள்ளேயே நின்றுவிடும். டாக்டர் இதையெல்லாம் கணவரிடம் விளக்கித்தான் இருந்தார். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதும் கணவர் மறந்துவிட்டார். பள்ளியில் டீச்சருக்கு 'சிடுமூஞ்சி மிஸ்' என்று பேர். வீட்டிலோ 'திமிர் பிடித்தவள்'.

இந்தத் திமிருக்கு மருந்து கொண்டுவந்தவள் நாத்தனார். தெரிந்தவர்கள் தலையில் சத்து மாத்திரைகளைக் கட்டுவதுதான் அவள் தொழில். அன்று மாலை ஒரு டப்பாவைச் சாப்பாட்டு மேசையில் டக்கென்று வைத்தாள்.

"வைட்டமின் சி, ஈ எல்லாம் இதுல இருக்கு அண்ணி. மூளை துருப்பிடிக்காம காக்கும். அந்த ஆஸ்பத்திரி மாத்திரையைத் தூக்கிப் போடுங்க. அதைத் தின்னுதான் நீங்க இப்படி மரமாயிட்டீங்க."

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..." என்று ஆரம்பித்தார் டீச்சர்.

"பாருண்ணா! நான் நல்லதுக்குச் சொல்றேன், அவங்க முகத்துல ஈயாடல. என்னைக் கண்டாலே அவங்களுக்கு ஆகாது."

கணவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரி மாத்திரைகளை அள்ளிக்கொண்டுபோய் பீரோவில் வைத்துப் பூட்டினார். "இனிமே என் தங்கச்சி குடுக்கிறதுதான் இந்த வீட்டுல மருந்து!"

டீச்சர் கேட்டுப் பார்த்தார், கெஞ்சினார், கடைசியில் சண்டையும் போட்டார். அவர் போட்ட சண்டை பக்கத்து அறைக்குக்கூடக் கேட்கவில்லை.

சில நாட்களிலேயே உடம்பு கட்டையாகிவிட்டது. கரண்டியைத் தூக்க முடியவில்லை. பள்ளிக்கு லீவு சொன்னார். "நல்லா நடிக்கிறே" என்றார் கணவர்.

ஒரு காலை, சமையலறை வாசற்படியில் கால்கள் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல டீச்சர் அப்படியே நின்றுவிட்டார். உள்ளேயிருந்து வந்த நாத்தனார், "வேணும்னே வழியை மறிக்கிறீங்களா?" என்று தோளால் இடித்துத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். டீச்சர் சாய்ந்தார். கையை ஊன்றக்கூட வரவில்லை. நெற்றி பிளந்து தரையெல்லாம் ரத்தம்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பொரிந்து தள்ளினார். "மாத்திரையை யார் நிறுத்தினது? திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்துன்னு தெரியாதா?"

நாத்தனார் விடவில்லை. டப்பாவை நீட்டினாள். "வைட்டமின் நல்லதுன்னு ஆராய்ச்சியிலேயே வந்திருக்கு டாக்டர்!"

"பாதியைப் படிச்சுட்டு வந்து பேசாதீங்க. இந்தச் சத்துள்ள சாப்பாட்டைச் சாப்பிடுறவங்களுக்கு இந்த நோய் வர்றது குறைவா இருக்கலாம்னு சில ஆய்வு சொல்லுது. அப்படியெல்லாம் இல்லைன்னு சொல்ற ஆய்வும் இருக்கு. வந்த நோயை இது நிறுத்துமான்னு வைட்டமின் ஈ மாத்திரை குடுத்தும் பார்த்துட்டாங்க. நிறுத்தல. இவங்க மருந்தோட இடத்துல இதை வைக்கச் சொல்லி எந்த ஆய்வும் சொல்லல."

கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

பழைய மாத்திரையை மறுபடி தொடங்கிய பிறகு டீச்சரால் எழுந்து உட்கார முடிந்தது. பார்க்க வந்த நாத்தனார் கட்டிலருகே நின்று பொருமினாள். "இன்னும் அதே முகம். பழியெல்லாம் என் தலையில."

"இத்தனை நாளும் நோயால வந்த முகம் இது," என்றார் டீச்சர். "இன்னைக்கு நிஜமாவே கோபம்தான். வெளியே போ."

அவள் அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் கதவைத் திறந்துவிட்டார். அவள் போனதும் மனைவியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அவளை மட்டும் சொல்லி என்ன? பூட்டினது நான்தானே. நீ சொன்னதை ஒரு தடவையாவது கேட்டிருக்கணும்."

டீச்சர் அவரைத் தேற்றவில்லை.

"சத்து வேணும்னா சாப்பாட்டுல போடுங்க, வேணாம்னு சொல்லல. ஆனா டாக்டரைக் கேக்காம யாரும் மருந்தை நிறுத்தக் கூடாது. விக்கிறவ பேச்சை நம்பி நோயாளி பேச்சை நம்பாத வீட்டுல, நோயைவிட மனுஷங்கதான் ஆபத்து."