மேங் கி தேக்கின் மனநிலை அறிக்கை

மேங் கி தேக்குக்கு ஐம்பத்தேழு வயது. சியோலில் லிஃப்ட் உதிரிபாகங்கள் செய்யும் நிறுவனம் ஒன்றில் கொள்முதல் துறைத் தலைவர். முப்பது வருடத்தில் ஒரு கூட்டத்துக்கும் தாமதமாகப் போனதில்லை, ஒரு ஃபைலையும் மறுநாளைக்குத் தள்ளியதில்லை. மனைவி வீட்டை விட்டுப் போனது மட்டும் அவருக்கு நான்கு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அந்த நான்கு நாளும் அவர் தினமும் வீட்டில்தான் தூங்கினார்.

ஐந்தாம் நாள் மனைவி ஓக் ரான் தொலைபேசியில் வந்தார். கடலோரக் கங்நுங்கில் அக்கா வீட்டில் இருந்தார்.

"சோரா அப்பா, நான் சண்டை போடல, அழல. ஆன்லைன்ல ஒரு மனநல ஆலோசகரைப் பாத்து வெச்சிருக்கேன். எட்டு வாரம் அவங்க முன்னாடி உக்காருங்க. எட்டாவது வாரம் நானும் வர்றேன். வீட்டுக்கு வர்றதா, குடும்பக் கோர்ட்டுக்குப் போறதான்னு அன்னிக்குச் சொல்றேன்."

இருபத்தொன்பது வருட இல்லறத்தின் தலையெழுத்தே இப்படித் தொங்கிக்கொண்டிருக்கும்போது கி தேக் கேட்ட ஒரே கேள்வி, "எந்தக் கிழமை?"

வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில், அலுவலகக் கூட்ட அறையில் மடிக்கணினியைத் திறந்தார். டையை இறுக்கிக்கொண்டார். ஆலோசகர் ப்யோ ஜி ஆன் திரையில் தோன்றி வணக்கம் சொன்னதும், எல்லோரிடமும் கேட்பது போலவே கி தேக் முதலில் அவர் பிறந்த வருடத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். தன் மகள் சோராவைவிட நான்கு வயதுதான் மூத்தவர் என்று தெரிந்ததும் நாற்காலியில் சாய்ந்தார். யார் யாருக்கு ஆலோசனை சொல்வது என்பது அவரளவில் அத்தோடு தீர்மானமாகிவிட்டது.

"இந்த வாரம் எப்படி இருந்தீங்க?"

"விசேஷமா ஒண்ணுமில்ல."

"மனைவி போனது எப்படி இருக்கு?"

"அது பரிசீலனைல இருக்கும்மா."

ஜி ஆன் பொறுமைசாலி. தினமும் சாயங்காலம் மனதில் தோன்றிய உணர்ச்சி ஒன்றை மட்டும் எழுதி, வியாழக்கிழமைக்குள் அனுப்பச் சொன்னார். கி தேக் கெடு தவறாதவர், அனுப்பினார். திங்கள்: பசி. செவ்வாய்: பசி. புதன்: வயிற்று உப்புசம்.

"இதுக்கு நீங்க வேற டாக்டரைப் பாக்கணும் சார்" என்றார் ஜி ஆன்.

கி தேக்குக்குச் சுருக்கென்றது. அவர் அறிக்கை ஒன்று திரும்பி வருவது அதுதான் முதல் தடவை. திங்கட்கிழமை காலை மேலாளர் வீ ஹே சுக்கைக் கூப்பிட்டனுப்பினார். ஹே சுக்குக்கு நாற்பத்திநான்கு வயது. பதினோரு வருடமாக அவரிடம் வேலை பார்க்கும் பெண். பதவி உயர்வு மூன்று முறை வாசல்வரை வந்து திரும்பிப் போயிருந்தது. மூன்று முறையும் "சிறந்த பணியாளர்" என்று ஆறுதல் கடிதம் கி தேக் கொடுத்தார். அதையும் ஹே சுக்தான் எழுதினார்.

"வாரா வாரம் என் மனநிலை அறிக்கை ஒண்ணு தயார் பண்ணணும்" என்றார் கி தேக்.

"உங்க மனசுல என்ன இருக்குன்னு எனக்கு எப்படி சார் தெரியும்?"

"என்ன இப்படிக் கேக்குறீங்க? போன வருஷம் சேர்மனோட அம்மா தவறினப்ப நான் எவ்வளவு கலங்கிப் போனேன்னு இரங்கல் கடிதத்துல நீங்கதான எழுதினீங்க?"

அன்று மாலையே அறிக்கை வந்தது. பொருள்: வார மனநிலை. கீழே வழக்கம்போல மூன்று கட்டங்கள்: தயாரித்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர். முதல் வாரம் கி தேக் சிவப்புப் பேனாவால் "துக்கம் சற்று அதிகம், குறைக்கவும்" என்று ஓரத்தில் எழுதித் திருப்பினார். இரண்டாம் வாரத்திலிருந்து படிப்பதையும் விட்டுவிட்டார். ஒப்புதல் கட்டத்தில் முத்திரையைக் குத்துவார். ஹே சுக் கட்டங்களை வெட்டிவிட்டு ஆலோசகருக்கு அனுப்புவார்.

ஜி ஆன் அசந்து போனார். "நல்ல முன்னேற்றம் சார். இவ்வளவு ஆழமா எழுதுவீங்கன்னு நான் நினைக்கவே இல்ல." ஆழம் எங்கே இருக்கிறதென்று கி தேக்குக்கும் தெரியாது. ஆனாலும் பாராட்டை மறுக்கிற பழக்கம் அவருக்கில்லை. அந்த மாத அலுவலக விருந்தில் சோஜு மது உள்ளே போனதும், தன் உணர்ச்சிகள் நல்ல நிலவரத்தில் இருப்பதாக மற்றத் துறைத் தலைவர்களிடம் சொல்லிக்கொண்டார். மேசைக் கோடியில் ஹே சுக் எல்லோருக்குமாக மேசை அடுப்பில் இறைச்சியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்.

எட்டாவது வெள்ளிக்கிழமை வந்தது. அந்த வார அறிக்கையை நீட்டியபோது ஹே சுக் தயங்கினார்.

"இதை மட்டும் ஒருதடவை படிச்சுப் பாத்துட்டுப் போங்க சார்."

"எதுக்கு? உங்க மேல எனக்கு நம்பிக்கை இருக்கு" என்று முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்.

திரையில் ஒரு பக்கம் ஜி ஆன். மறுபக்கம் ஓக் ரான், முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். அது எப்போது வெட்டியது என்று கி தேக்குக்கு ஒரு சந்தேகம் வந்தது, கேட்கவில்லை. வீட்டை விட்டுப் போவதற்கு முன்பே வெட்டியிருந்தால் வம்பு.

"இந்த வாரம் எழுதினதை நீங்களே உங்க மனைவிக்குப் படிச்சுக் காட்டுங்க" என்றார் ஜி ஆன்.

கி தேக் தொண்டையைச் செருமிக்கொண்டு, விற்பனை நிலவரம் வாசிக்கும் குரலில் ஆரம்பித்தார்.

"ஞாயிற்றுக்கிழமையும் அலுவலகம் வந்தேன். வேலை இருப்பதாகக் காவலாளியிடம் சொன்னேன். வேலை இல்லை. பூட்டிய வீட்டைத் திறந்து விளக்கை நானே போடுவதற்குப் பயமாக இருக்கிறது. ஓக் ரான் போட்ட முள்ளங்கிக் கிம்ச்சி ஊறுகாயில் கடைசி டப்பா அலுவலகக் குளிர்பெட்டியில் இருக்கிறது. யாரையும் தொட விடுவதில்லை. நானும் தொடுவதில்லை. அது தீர்ந்துவிட்டால் அவள் கையால் செய்தது எதுவும்..."

கி தேக் வாசிப்பதை நிறுத்தினார். ஞாயிற்றுக்கிழமை சமாச்சாரத்தை ஹே சுக்கிடம் காவலாளி சொல்லியிருப்பான். டப்பா விவகாரம் ஆபீசுக்கே தெரியும். விளக்கைப் பற்றி அவர் யாரிடமும் சொன்னதில்லை. தன்னிடம்கூட.

ஓக் ரான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சோரா அப்பா, இதை நீங்களா எழுதினீங்க?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். முப்பது வருடமாக அடுத்தவர் எழுதியதைத் தன்னுடையது என்று சொல்லியே பிழைத்தவருக்கு அது பெரிய காரியமும் இல்லை. ஓக் ரான் மாலை ரயிலிலேயே வந்துவிடக்கூடும். கி தேக் காகிதத்தை மேசைமேல் வைத்தார்.

"இல்ல. ஆபீஸ்ல ஹே சுக்னு ஒருத்தங்க. அவங்க எழுதினது. எல்லாமே அவங்க எழுதினதுதான்."

ஜி ஆன் பேனாவை மூடினார்.

"எழுதியிருக்கிறது நிஜமா?" என்று கேட்டார் ஓக் ரான்.

"நிஜம்."

"உங்க கூட வேலை பாக்குற பொம்பளைக்குத் தெரிஞ்சிருக்கு. கூடவே குடித்தனம் பண்ணின எனக்குத் தெரியல." ஓக் ரானின் குரலில் இப்போது அழுகை இல்லை, கோபம்தான் இருந்தது. "இப்ப ஆமான்னு சொல்லியிருந்தீங்கன்னா நேரா கோர்ட்டுக்குத்தான் போயிருப்பேன். இது நீங்க எழுதினது இல்லைன்னு ரெண்டாவது வரியிலயே எனக்குத் தெரிஞ்சு போச்சு."

"இப்ப?"

"இப்ப என்ன? உங்களுக்கு என்ன தோணுதுன்னு நீங்க சொல்லுங்க. உங்க வாயால."

கி தேக் கண்ணாடிக் கதவைப் பார்த்தார். மதிய உணவு நேரம். வெளியே ஒருவரும் இல்லை, ஹே சுக்கும் சாப்பிடப் போயிருந்தார்.

"பயமா இருக்கு" என்றார்.

"எதுக்கு?"

அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டு முறை வாயைத் திறந்து மூடினார். ஜி ஆன் உதவிக்கு வரவில்லை. ஒரு மணி நேரம் முடிந்துவிட்டதென்று திரையின் மூலையில் அறிவிப்பு வந்தது. ஓக் ரான் அதைப் பார்த்தார், ஆனாலும் அழைப்பைத் துண்டிக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.